கணினித் திரைக்குப் பொதுவிதி வேண்டுமா?

மாணவப் பருவத்தில் ஒருநாள், சேமிக்கும் விசை என்று கருதி நான் அழுத்தியது அந்நிரலில் அழிக்கும் விசையாக இருந்தது. மூன்று மணி நேரம் எழுதிய கட்டுரை நொடியில் மறைந்தது. குற்றம் என் கவனக்குறைவே என்றார் ஆசிரியர். அன்று ஒப்புக்கொண்டேன், இன்று முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நண்பர்களே, அக்காலத்து நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 'லோட்டஸ் 1-2-3' என்னும் கணக்கு நிரலில் உதவி வேண்டுவோர் எஃப்1 விசையை அழுத்தினர். 'வேர்ட்பெர்ஃபெக்ட்' என்னும் எழுத்து நிரலிலோ அதற்கு எஃப்3. இக்குழப்பத்தைத் தீர்க்க 1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு விதித்தொகுப்பை வகுத்தது. உதவிக்கு எஃப்1 என்றும், சாளரத்தை மூட ஆல்ட்டுடன் எஃப்4 என்றும் அது கூறியவை விண்டோஸில் இன்றும் வழங்குகின்றன. ஆனால் எழுதியதை வெட்டவும் ஒட்டவும் ஷிஃப்ட்டுடன் டெலீட், இன்சர்ட் விசைகளை அது விதித்ததை இன்று அறிந்தவர் சிலரே. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் லிசா கணினியில் கையாண்ட எக்ஸ், சி, வி என்னும் எழுத்துகளே மக்கள் கையில் நிலைத்தன. அவை மூன்றும் அடுத்தடுத்து அமைந்தவை. இடக்கை அவற்றின்மீது இருக்க, வலக்கை சுட்டியை விடாமல் பற்றியிருக்கலாம் அன்றோ? 1987-இன் விதியை மாற்றவொண்ணாச் சட்டமாக்கியிருந்தால் இவ்வசதி நமக்குக் கிட்டியிராது.

அங்ஙனமாயின் பொதுவிதியே வேண்டாமா? வேண்டும் என்பதே என் துணிபு. ஆயினும் விரல்கள் பழகிய வழக்கத்தை ஒருவர் தம் உடைமை என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னவரும் உண்டு. தன் நிரலின் கட்டளைப் பட்டியல் வரிசையைப் போர்லாண்ட் நிறுவனம் 'குவாட்ரோ'வில் எடுத்தாண்டது என்று லோட்டஸ் நிறுவனம் 1990-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் லோட்டஸின் பக்கம் நின்றது. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அப்பட்டியல் ஓர் இயக்குமுறையே, ஒளிப்பேழைக் கருவியின் பொத்தான்களைப் போன்றது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. 1996-இல் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் நால்வர் இப்பக்கமும் நால்வர் அப்பக்கமுமாகப் பிரிந்தமையால் அத்தீர்ப்பே நின்றது. ஒரே ஒருவர் மறுபுறம் சாய்ந்திருந்தால், பழகிய கையுடன் புதிய நிரலுக்குச் செல்ல விரும்புவோர் பழைய நிறுவனத்தின் அனுமதியை எதிர்நோக்க நேர்ந்திருக்கும்.

லோட்டஸ் 1-2-3-க்கான ஆதரவு 2014-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் பட்டியலைத் திறந்த சாய்கோட்டு விசையை விண்டோஸ் கணினியிலுள்ள எக்செலில் அழுத்திப் பாருங்கள். மேலேயுள்ள பட்டியல் இன்றும் விழித்துக்கொள்ளும்.