காரைக் கழுவும் நேரம்

ஒரு காரை வீட்டில் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? எளிய வினாவே. ஆயினும் அதன் விடை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தை ஆராய்வோமாயின், வண்ணப் பூச்சின் வரலாறும் நீரின் வரலாறும் அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

சிங்கப்பூருக்கு முதல் கார் 1896ஆம் ஆண்டு வந்தது. சார்ல்ஸ் பக்லி என்பவருக்கு உரிய அந்தப் பென்ஸ் வண்டிக்கு, ‘காப்பி இயந்திரம்’ என்னும் பட்டப்பெயர் வழங்கிற்று. அக்காலக் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் போலவே வண்ணமும் வார்னிசும் தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசப்பெற்றன. ஓர் அடுக்கு உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூச இயலும். ஆதலால் ஒரு வண்டிக்கு வண்ணமிட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று.

அவ்வார்னிசு மிக மென்மையானது. சேறு காய்ந்தால் பளபளப்புக் கெடும். உலர்ந்த மண்ணைத் தேய்த்தால் கீறல் விழும். எனவே நீரை மெல்ல ஊற்றி மண்ணை ஊறவைத்து, கடற்பஞ்சால் துடைத்து, மென்தோலால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டியிருந்தது. பொறுமை மிக்க அப்பணியை வசதி படைத்த உரிமையாளர் தம் கையால் செய்வது அரிது. குதிரையைப் பேணியவனுக்குரிய ‘சயிஸ்’ என்னும் பெயரையே மலாயாவில் தாங்கிய ஓட்டுநர்தாம் அதைச் செய்தார்.

1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டூக்கோ’ என்னும் புதுவகை வண்ணம் கார்களுக்குப் பூசப்பெறலாயிற்று. அது விரைவில் உலர்ந்தது, உறுதியாகவும் இருந்தது. வண்ணமிடும் காலம் சுருங்கியது போலவே, கழுவும் வேலையும் எளிதாயிற்று. உரிமையாளரே வாளியும் துணியும் ஏந்தலாம் என்னும் நிலை வந்தது.

இனி நீரைப் பற்றிக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர் நகருக்கு மாட்டு வண்டிகளில் நீர் கொணரப்பட்டது. ‘நீர் வண்டி’ எனப் பொருள்படும் கிரேத்தா ஆயர் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது. பின்னர்க் குழாய்கள் வந்தன. குழாயைத் திருகினால் நீர் வரும் என்று மக்கள் பழகிவிட்டனர். 1963ஆம் ஆண்டு வறட்சி அப்பழக்கத்தை அசைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை நீர் பங்கீடு செய்யப்பட்டது. வாளியில் பிடித்து வைத்த நீரே சமையலுக்கும் குளியலுக்கும் எனும்போது, காருக்கு எங்கே போவது? 1971ஆம் ஆண்டு நீர்ச் சிக்கன இயக்கம் நாடளவில் நடைபெற்றது.

மாணவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 10 லிட்டர் பாயும் இரப்பர்க் குழாயை 30 நிமிடம் திறந்து வைத்தால் 300 லிட்டர் ஓடிவிடும். 10 லிட்டர் வாளிகள் மூன்றாயின் செலவு 30 லிட்டரே. நேரமோ ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கடிகாரம் காட்டும் நேரம் பாதி விடையையே தருகின்றது.

2003ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் கழிவுநீர் தூய்மையாக்கப்பட்டு மீண்டும் பயன்படுகின்றது. 2005 முதல் கடல்நீர் நன்னீராக்கப்படுகின்றது. ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிவுறும். இத்தனை முயற்சிகளின் பயனாகவே குழாயில் நீர் வருகின்றது. இதை உணர்ந்தவர், காரைக் கழுவ அரைமணி நேரத்தைச் செலவிடுவார். நீரை வீணே ஓடவிடமாட்டார்.