மதுரைத் திட்டம்
தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இணையத்தில் இலவசமாக வழங்கும் தன்னார்வ முயற்சி. 1998 பொங்கலன்று தொடங்கியது. தலைவர், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கல்யாணசுந்தரம்.

தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம் எல்லாம் பல நாடுகளில் வாழும் ஆர்வலர்களின் ஊதியமில்லா உழைப்பு. அவ்வுழைப்பை உறுப்பினருக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல், வாசிப்பை எல்லோருக்கும் திறந்தனர். பதிவோ கட்டணமோ கிடையாது. முகப்புப் பக்கத்தை மாற்றாமல் எவரும் படியெடுத்துப் பரப்பலாம். கப்பலூர் மாணவரும் கனடாத் தமிழரும் ஒரே பிரதியைப் படிப்பது இதனால்தான்.

வெளியீட்டு வாசல் மட்டும் காவலுக்குட்பட்டது: மெய்ப்புப் பார்த்த பிறகே நூல் ஏறும். யாரும் திருத்தக்கூடிய தமிழ் விக்கிப்பீடியாவின் வழி வேறு. பழந்தமிழ்ப் பாடங்களுக்கு இக்கட்டுப்பாடு மிகவும் தேவை; ஓரெழுத்துப் பிழையும் பொருளைக் கெடுத்துவிடும். நூல்களின் எழுத்துக் குறியாக்க முறை முன்பு தகுதரம் (TSCII), பின்னர் யூனிகோடு.