பாகான் செராய் வட்டாரத்தின் பழஞ்சுவடுகள்

எல்லா ஊர்களுக்கும் கோட்டையும் அரண்மனையும் வாய்ப்பதில்லை. தைப்பிங்கில் பழம்பெரும் அருங்காட்சியகம் உண்டு; ஈப்போவில் மாளிகை போன்ற ரயில் நிலையம் உண்டு. நமது பாகான் செராய்க்கு வாய்த்தவை வாய்க்கால்களும் வரப்புகளுமே. ஆதலால் இங்கு வரலாறே இல்லை என்று நம்மவரிற் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இவ்வூரின் பழமை நின்று காட்டும் பழமையன்று. தேடிக் காண வேண்டிய பழமை.

'பாகான்' என்னும் மலாய்ச் சொல் படகுத் துறையைக் குறிக்கும். 'செராய்' யாதென இல்லத்தரசியரிடம் கேட்டால் சமையற்கட்டிலிருந்தே எடுத்துக் காட்டுவர். எலுமிச்சைப் புல் மண்டிக் கிடந்த துறை என்பது பெயருக்கு வழங்கும் பொருள். சாலை வருமுன் இப்பகுதிக்கு ஆறே வழி என்பதையும் அப்பெயர் உணர்த்துகின்றது.

ஊருக்குத் தெற்கே, கடலோரச் சதுப்புநிலக் காட்டினுள், கோலா செலின்சிங் என்னும் தொல்லிடம் உள்ளது. 1920-களின் இறுதியிலும் 1930-களின் தொடக்கத்திலும் ஐவர் எவன்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் அங்கு அகழ்ந்தபோது, கண்ணாடி மணிகளும் கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்மணிகளும் படகு வடிவப் பிணப்பேழைகளும் கிடைத்தன. அவற்றுடன் கிடைத்தது ஒரு செம்மணிக்கல் முத்திரை. பல்லவர் கால எழுத்தை ஒத்த வரிவடிவில் அதில் 'ஸ்ரீ விஷ்ணுவர்மன்' என்னும் பெயர் வடமொழியில் பொறிக்கப்பட்டிருந்தது. பிற்கால ஆய்வுகள் அங்கு கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் தொட்டே மக்கள் வாழ்ந்து மணி செய்தனர் எனக் காட்டின. இச்செய்தியைக் கேட்டவுடன் தமிழ்ப் பேரரசே இங்கு ஆண்டது என்று மேடையில் முழங்குவோர் உளர். ஒரு முத்திரையை வைத்துக்கொண்டு ஓர் அரசையே கட்டிவிடுதல் நேர்மையாகாது. கடல் வணிகத்தின் வழியே பாரத நாட்டின் எழுத்தும் இறைப் பெயரும் இக்கழிமுகம் வரை வந்தன என்பது மட்டும் உறுதி. அதுவே நமக்குப் போதுமான பெருமை.

அதன்பின் நெடுங்காலம் தாண்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். கெரியான் வட்டாரத்தில் நம்மவர் குடியேறக் காரணம் ரப்பர் அன்று, கரும்பு. இதனை இளைஞர் பலர் அறியார். தியோச்சூ சீனர்களும், பின்னர் ஐரோப்பிய நிறுவனங்களும் சதுப்பை வடித்துக் கரும்புத் தோட்டம் அமைத்தனர். சேறு வெட்டவும் கால்வாய் தோண்டவும் கரும்பு அறுக்கவும் தமிழகத்திலிருந்து 'சஞ்சிக் கூலி' எனப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். மலேரியாவிலும் வயிற்றுக் கடுப்பிலும் மாண்டோர் பலர். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் விலை உச்சிக்கேறியிருந்தது. 1905-இல் தோன்றிய கூலா-கலும்பாங் நிறுவனம் தன் பெயரிலேயே ரப்பரைச் சேர்த்துக்கொண்டது. முதல் உலகப் போர் தொடங்குமுன் கெரியானில் கரும்பின் காலம் முடிந்தது. ஆலைகளின் புகைபோக்கிகள் போயின. லயங்கள் மட்டும் பால்மரக் காட்டிற்குள் தொடர்ந்தன.

நம்மவர் அனைவரும் லயத்தில் வாழ்ந்தவரே என்று கொள்ளுதலும் பொருந்தாது. 1880-களில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பாகான் செராய்ப் பகுதியில் குடியமர்த்தினார்; அக்குடியிருப்பு சூசைப்பாளையம் எனப் பெயர் பெற்றது. அவரே 1896-இல் மலாக்கா ஆயராக உயர்ந்தார். வேற்றுச் சமயத்தார் செய்த செயலாயினும், தமிழ்க் குடும்பம் தோட்டக் கணக்கிற்கு வெளியே வேரூன்றி வாழ வழி செய்த பழைய முயற்சிகளுள் அது ஒன்று என்பதால் ஈண்டுக் குறிப்பிட்டோம்.

கரும்பு சாய்ந்தமைக்கு ரப்பர் மட்டும் காரணமன்று. அரசாங்கம் இவ்வட்டாரத்தை நெற்களஞ்சியமாக்க எண்ணியது. கரும்புக்கு நீர் வடிய வேண்டும்; நெல்லுக்கு நீர் தேங்க வேண்டும். இரண்டும் ஒரே சமவெளியில் இணங்கா. குராவ் ஆற்றை மறித்துப் புக்கிட் மேராவில் ஏரி அமைத்து, வாய்க்கால்கள் வழியே கடலோரம் வரை நீர் கொணர்ந்த கெரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் நிறைவுற்றது. மலாயாவின் முதற்பெரும் பாசனத் திட்டம் இதுவே. சோழ நாட்டு ஏரிகளைப் போற்றும் நாம், ஒரு நூற்றாண்டிற்கு மேலாக இவ்வூருக்குச் சோறளிக்கும் இவ்வேரியை விடுமுறைக்குப் போகும் இடமாக மட்டும் கருதுவது வியப்பே. நமது வட்டாரத்தின் தலையாய வரலாற்றுக் கட்டடம் எதுவெனக் கேட்டால், அந்த அணையே என்பது எமது கருத்து.

அதே காலத்தில்தான் ரயில் பாதையும் இவ்வழியே வடக்கு நோக்கி வந்தது. ஏரியின் குறுக்கே மண்ணணை மேல் சென்ற பழைய ஒற்றைத் தண்டவாளத்திற்கு மாற்றாக, இன்று ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் நிற்கின்றது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான இரட்டைப் பாதையில் 2015 முதல் மின்சார ரயில்கள் ஓடுகின்றன.

நெல் வயல்களைத் திருத்தியவருள் போர்னியோத் தீவின் தென்பகுதியிலிருந்து வந்த பஞ்சார் மக்கள் முக்கியமானவர். அவர்கள் வழியில் 1920-களின் இறுதியில் எழுந்த 'மஸ்ஜிட் திங்கி' என்னும் உயர்ந்த பள்ளிவாசல் இன்றும் பழைய வடிவம் மாறாமல் போற்றப்படுகின்றது. அதனைக் காணும்போது நமக்கு ஒரு கேள்வி எழாமலில்லை. அதே வயதுடைய நமது கட்டடங்கள் எங்கே?

தோட்டக் கோவில்கள் பெரும்பாலும் மரத்தடியில் நட்ட கல்லாகவும், அத்தாப்புக் கூரையாகவும், பின்னர் தகரக் கொட்டகையாகவும் வளர்ந்தவை. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த வெள்ளிக் காசுகளே அவற்றின் மூலதனம். ஆனால் நிலம் தோட்டத்தாருடையது. சயாம் மரண ரயில் பாதைக்கு 1942-43-இல் ஆண்கள் கொண்டு செல்லப்பட்டதும், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்ததும் நாட்டின் பல தோட்டங்களைக் காலியாக்கின. மக்கள் பெயர்ந்த இடங்களில் கோவிலும் பெயர்ந்தது, அல்லது மறைந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இவ்வழிவைத் தடுக்கவே.

பிறரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் காண்பது ஆகம மரபு. அத்திருப்பணியின் பெயரால் பழைய மரத்தூணும், உபயதாரர் பெயர் பொறித்த கல்லும், துருப்பிடித்த மணியும் குப்பை லாரியில் ஏறியதை நாட்டின் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். கோபுரம் உயர்ந்தது, அதனைத் தொடங்கியவர் பெயர் மறைந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் வந்துவிட்டது. எனினும், எது பழையது என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் இல்லங்களில் பழைய திருவிழாப் புகைப்படம், நன்கொடை ரசீது, தோட்டக் கோவில் வரவு செலவுப் புத்தகம், கப்பல் டிக்கெட் ஆகியவற்றுள் எது இருப்பினும் ஆலய அலுவலகத்திற்குக் கொண்டு வருக. பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருதல் வேண்டும். படத்தில் இருப்போரின் பெயர்களை, வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதித் தந்தால் மிக்க உதவியாகும்.