காவலரைப் படம் பிடித்தல்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம்

பணியில் இருக்கும் காவலரைப் பொதுமக்கள் செல்போனிலோ கேமராவிலோ பதிவு செய்வதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதை உரிமை என்று எழுதி வைத்த சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் "வீடியோ எடுக்காதே, போனைக் குடு" என்ற குரல் ஒலிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆலைப் பகுதிகளில் 2021-லும் 2024-லும் நடந்த தொழிலாளர் போராட்டங்கள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கின. எடுக்கலாமா கூடாதா என்பது அதன் பாதிதான். எடுத்த போன் அன்று மாலை யார் கையில் இருந்தது என்பது மறுபாதி. இந்தத் தடத்தின் வரலாற்றில் கனமான பாதி அதுவே.

கேமராவும் இந்த மண்ணும்

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், குண்டுவெடிப்பில் இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமின்றிக் கிடைத்தது. அதில் இருந்த பத்துப் படங்களே புலன்விசாரணைக்கு முதல் நூலாயின. அங்கே கேமரா அரசுக்குச் சாட்சி சொன்னது. அரசின் ஆட்களைப் பற்றிச் சாட்சி சொல்லும் கேமரா இந்த ஊருக்கு வர இன்னும் முப்பது ஆண்டு ஆனது.

இடைப்பட்ட காலத்தில் கேமராவின் தொழிற்சாலையே வந்துவிட்டது. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது. பிறகு சுங்குவார்சத்திரத்தின் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் கோக்கப்பட்டன. இங்குள்ள பல ஆலைகளில் உள்ளே போகும் தொழிலாளி வாயிலிலேயே போனை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸ் மீது செக்யூரிட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். அதிகாரம் கேட்டவுடன் போனை நீட்டுவது ஷிஃப்டுக்கு ஒரு முறை நடக்கும் பயிற்சியாகிவிட்டது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து இப்படிப் பழகியவர்களிடம் சாலையில் ஒரு காவலர் போனைக் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று திருப்பிக் கேட்கத் தோன்றுமா என்பது சந்தேகமே.

2021 டிசம்பர்

பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் டிசம்பர் 15 அன்று உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 17-ஆம் தேதி சுமார் 2,000 பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் பக்கத்து ஆலைகளின் ஆண் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். காவலர்கள் முதலில் ஆண்களை அடித்தார்கள், பிறகு பெண்களையும் விரட்டி அடித்தார்கள் என்று தொழிலாளர்களும் தொழிற்சங்கத் தலைவர் சுஜாதா மோடியும் ராய்ட்டர்ஸ் நிறுவனத்திடம் கூறினர்.

67 பெண்களும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரும் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்களது போன்கள் பறிக்கப்பட்டன, பெண்களின் பெற்றோருக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைத்து மகளை அடக்கி வைக்குமாறு எச்சரித்தார்கள் என்பது போராட்டக்காரர்களும் அந்தப் பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் சொன்னது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் இதை மறுத்தார். விதிகள் அனைத்தும் பின்பற்றப்பட்டன என்றார். ராய்ட்டர்ஸும் இந்தக் குற்றச்சாட்டைத் தன்னால் தனியாக உறுதிசெய்ய முடியவில்லை என்றே எழுதியது. ஒரு பக்கம் குற்றச்சாட்டு, மறு பக்கம் மறுப்பு. குற்றச்சாட்டு உண்மையென்றால், இரண்டில் எது சரி என்று காட்டியிருக்கக்கூடிய பொருளே அன்று பறிபோனது.

காவல்துறை தரப்பின் வலுவான வாதமும் இதே நிகழ்ச்சியில்தான் கிடைக்கிறது. மருத்துவமனைக்குப் போன தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியதால்தான் கூட்டம் அத்தனை பெரிதானது. யாரும் இறக்கவில்லை. பொய்ச் செய்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். எனினும் காவலரைப் படம் பிடித்த எந்த வீடியோவும் அந்தப் பொய்யைப் பிறப்பிக்கவில்லை. விடுதி நிர்வாகமோ ஆலையோ நோயாளிகளின் நிலையை முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

2024: சாம்சங் பந்தல்

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சுமார் 1,500 தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். 16-ஆம் தேதி காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போக முயன்ற 104 பேரைக் காவல்துறை தடுத்துப் பிடித்தது. அக்டோபர் 9 அன்று போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. 37 நாள் நீடித்த போராட்டம் அக்டோபர் 15-இல் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

2021-க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பந்தலைப் பிரித்தது எல்லார் கண்முன்னும். செல்போன்களும் தொலைக்காட்சிக் கேமராக்களும் அங்கே இருந்தன. அன்று பந்தலடியில் என்ன நடந்தது என்பதில் பெரிய சர்ச்சை எழவில்லை. சர்ச்சையானது முந்தைய இரவு. சங்க நிர்வாகிகளை வீடு வீடாகப் போய் நள்ளிரவில் அழைத்துச் சென்றார்கள் என்று சி.ஐ.டி.யு. தொழிற்சங்கம் குற்றம் சாட்டியது; விவகாரம் ஆட்கொணர்வு மனுவாகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கேமரா இருந்த இடத்தில் வாக்குவாதம் குறைந்தது. இல்லாத இடத்தில் நீதிமன்றம் தேவைப்பட்டது.

இன்னொன்று: தமிழ்நாட்டின் பல போராட்டங்களில் காவல்துறையின் வீடியோகிராபர் ஒருவர் கூட்டத்தின் முகங்களை வரிசையாகப் பதிவு செய்துகொண்டிருப்பார். அதற்கு யாருடைய அனுமதியும் கேட்கப்படுவதில்லை.

தமிழ்நாட்டின் முன்னோடி நிகழ்வுகள்

2016 ஜூலையில் திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்தில், நடுச்சாலையில் ஒரு குடும்பத்தைக் காவலர்கள் அடித்ததை வழிப்போக்கர் ஒருவரின் செல்போன் பதிவு செய்தது. 2017 ஜனவரி 23 அன்று சென்னையில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டபோது, காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பதாகக் காட்டும் காட்சிகள் பரவின. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில், வேன் மேல் சாதாரண உடையில் ஏறி நின்று குறிபார்த்தவரின் படம் உலகம் முழுதும் போனது. 2021 ஜூனில் சேலம் மாவட்டச் சோதனைச் சாவடி ஒன்றில் சிறப்பு உதவி ஆய்வாளர் அடித்ததில் ஒரு வியாபாரி இறந்தார். உடன் வந்தவரின் போனில் அது பதிவாகியிருந்ததால் அந்த அதிகாரி கைதானார்.

சாத்தான்குளம் தனித்து நிற்கிறது. 2020 ஜூன் 19 அன்று, மகனின் செல்போன் கடை தொடர்பாக ஜெயராஜைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள்; பின்னால் நிலையம் போன மகன் பென்னிக்ஸும் அவரும் காவலில் தாக்கப்பட்டு இறந்தனர். இருவரும் தரையில் உருண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்றது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடையின் சிசிடிவியில் அப்படி எதுவும் இல்லை. நிலையத்தின் உள்ளே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும் காட்சிகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். வணிகரின் கேமரா வைத்துக்கொண்டதை, அரசின் கேமரா அழித்துவிட்டது.

2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் காவல்துறை விசாரணையில் இறந்தார். கோயிலுக்குப் பின்னால் அவரை அடித்ததை, கழிவறை ஜன்னல் வழியாக ஒருவர் போனில் எடுத்திருந்தார். சில வினாடிகளே ஓடும் அந்தக் காட்சி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகளுக்குக் காட்டப்பட்டது. காவலர்கள் ஐவர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. எடுத்தவரோ பாதுகாப்பு கேட்டுக் காவல்துறைத் தலைவருக்கு மனு எழுத வேண்டியிருந்தது.

சட்டம்

காவல் நிலையத்தில் வீடியோ எடுத்ததற்காக 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் மகாராஷ்டிரத்தில் ஒருவர் மீது வழக்குப் பதிந்தார்கள். காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் "தடை செய்யப்பட்ட இடம்" அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது; ஆனால் இங்கே மேற்கோள் காட்டலாம்.

நடைமுறையில் பயன்படுவது பணியைத் தடுத்தல் என்ற குற்றச்சாட்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 186, 353 பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 221, 132 ஆகியுள்ளன. பத்தடி தள்ளி நின்று படம் எடுப்பது தடுத்தல் ஆகாது. லத்திக்கும் முதுகுக்கும் நடுவே போனை நீட்டினால் ஆகலாம். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவர், சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். அங்கே காவலர் சொல்லும் "எடுக்காதே" நியாயமானது.

கேரளம் இந்தக் குழப்பத்தை ஒரே வரியில் தீர்த்தது. அதன் 2011-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, காவல்துறை நடவடிக்கையைச் சட்டப்படி பதிவு செய்யும் பொதுமகனைத் தடுக்கக் காவலருக்கு அதிகாரம் இல்லை என்கிறது. கேரள எல்லையான வாளையாற்றைத் தாண்டினால் எழுதிய உரிமை. இந்தப் பக்கம் மாவட்டங்களுக்கு அடிப்படையாக நிற்பது 1859-ஆம் ஆண்டுக் காவல் சட்டம். அமெரிக்காவில் 1991-இல் ரோட்னி கிங் அடிபட்டதைத் தன் வீட்டு மாடத்திலிருந்து ஒருவர் எடுத்த காட்சி தொடங்கி, 2011-இல் பாஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது அரசமைப்பு உரிமை என்று சொல்லும்வரை இருபது ஆண்டு ஆனது. பிரான்சில் காவலரைத் தீய நோக்கில் அடையாளம் காணத் தூண்டுவதைக் குற்றமாக்க முயன்ற பிரிவை அரசமைப்பு மன்றம் 2021 மே மாதம் நீக்கியது.

போன் என்னும் பொருள்

சந்தேகத்துக்குரிய சொத்தைக் கைப்பற்ற, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு காவலருக்கு அதிகாரம் தருகிறது. கைப்பற்றினால் மகஜர் எழுத வேண்டும், நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். கைப்பற்றுதலையே ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆம் பிரிவு புதிதாகச் சேர்த்திருக்கிறது. ஆக, சாலையில் ஒருவர் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் காவலர், தானும் ஒரு வீடியோ எடுத்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில், அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கில் பத்திரிகையாளர்களிடம் கைப்பற்றிய போன்களைத் திருப்பித் தருமாறு சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது.

போன் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் விடை இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் வேண்டாம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நூறு குழுக்களில் சுற்றி வந்த வாட்ஸ்அப் காட்சி, எடுத்தவர் யார் என்று தெரியாமல் நிற்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எளிய இரை. எனவே வழக்கறிஞர்கள் இப்போது சொல்வது: காட்சியை அனுப்புவதற்கு முன் வேறொரு இடத்தில் சேமித்துவை, போனை விற்காதே, ஃபார்மேட் செய்யாதே.

காவல் நிலையங்களில் ஒலியுடன் சிசிடிவி பொருத்தி, காட்சிகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், நிலையங்களில் கேமராக்கள் இயங்காமல் இருப்பது குறித்து அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சிசிடிவி பொருத்துவது நிலையத்துக்குத்தான். சுங்குவார்சத்திரம் நெடுஞ்சாலை ஓரத்துக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அங்கே இருப்பது ஷிஃப்ட் முடிந்து வாயிலில் திரும்ப வாங்கிய போன் மட்டுமே.