மூஸா இப்னு மைமூனும் உம்மும்மாட கிதாபும்

உம்மும்மாட பெட்டகத்தில் ஒரு பழைய கிதாபு இருந்தது. சின்ன வயதில் அதைக் குர்ஆன் என்று நினைத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்தேன். உம்மும்மா சிரித்தா. "அது தொழுகைச் சட்டம் மகன், நம்மட தமிழ்தான்" என்றா. எழுத்து அறபு, மொழி தமிழ். பல வருடங்களுக்குப் பிறகு பழைய கெய்ரோ யூதர்களைப் பற்றி வாசித்தபோது அந்தக் கிதாபுதான் ஞாபகம் வந்தது. அவர்களிடம் எழுத்து எபிரேயம், மொழி அறபு.

அப்படி எழுதியவர்களில் தலையானவர் மூஸா இப்னு மைமூன். மேற்கத்தையர் மைமோனிடிஸ் என்பர். 1138ஆம் ஆண்டளவில் அந்தலுஸின் குர்துபாவில் பிறந்தார். தகப்பனார் யூத நீதிபதி. 1148இல் முவஹ்ஹிதுகள் குர்துபாவைப் பிடித்தார்கள். திம்மிகளுக்கு இருந்த பாதுகாப்பு போயிற்று. மதம் மாறு, அல்லது ஊரை விட்டுப் போ என்ற நிலை. இதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்று ஓதிப் படித்தவர்கள்தானே நாம்.

குடும்பம் மொறோக்கோவின் பாஸ் நகருக்குப் போனது. 1165இல் அக்கா துறைமுகம், அங்கிருந்து மிஸ்ர். ஒரு முஸ்லிம் ஆட்சியிலிருந்து ஓடியவர் கடைசியில் நிம்மதியாகக் குடியிருந்ததும் முஸ்லிம் ஆட்சியிலேதான். புஸ்தாத்தில் தம்பி தாவூத் மாணிக்க வியாபாரம் பார்த்தார். அண்ணன் கிதாபு பார்த்தார். இந்தியாவுக்குப் புறப்பட்ட தம்பி இந்து சமுத்திரத்தில் கப்பலோடு மாண்டார். அறபு வணிகர் நம் கரைக்கு வந்த அதே கடல். இப்னு மைமூன் ஒரு வருடமளவு படுத்த படுக்கையானார். எழும்பியதும் தம்பியின் மனைவி, பிள்ளையின் பொறுப்பும் அவர் தலையில். வயிற்றுப்பாட்டுக்கு வைத்தியம் கைகொடுத்தது. ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சர் அல்-காழி அல்-பாழில் அவரை ஆதரித்தார். பிறகு ஸுல்தானின் மகன் அல்-அப்ழலுக்கும் வைத்தியம் பார்த்தார்.

யூதச் சட்டத்தை 'ஹலாகா' என்பர். ஷரீஅத் போல அதற்கும் 'வழி' என்ற கருத்து உண்டு. தல்மூதில் சிதறிக் கிடந்த சட்டங்களையெல்லாம் 14 பாகங்களாக அடுக்கி, 'மிஷ்னே தோரா' என்ற பெயரில் 1180 அளவில் எபிரேயத்தில் முடித்தார். எந்தச் சட்டத்தை எந்த இமாம் சொன்னார் என்று ஆதாரம் காட்டவில்லை. அதற்காக அவருடைய சமூகத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். அறபியில் எழுதிய 'தலாலத்துல் ஹாயிரீன்' 1190 அளவில் முடிந்தது. அதில் பாராபி, இப்னு ஸீனாவின் சிந்தனை ஓடுகிறது. அதில் வரும் 25 தத்துவ முற்கோள்களுக்கு அத்தப்ரீஸி என்ற முஸ்லிம் அறிஞர் விளக்கவுரையே எழுதினார்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவை அவருடைய பத்வாக்கள். ஒரு பட்டறையில் யூதரும் முஸ்லிமும் கூட்டாளிகள். வெள்ளிக்கிழமை இலாபம் யூதருக்கு, சனிக்கிழமை இலாபம் முஸ்லிமுக்கு என்று பேசிக்கொண்டார்கள். கூடுமா என்று கேட்டார்கள், கூடும் என்றார். இந்த ஒரு கேள்வியிலிருந்து, இரு சமூகமும் ஒரே உலையடியில் நின்று பிழைத்த கதை நமக்குத் தெரிகிறது.

இன்னொன்று. யூத மார்க்கத்தைத் தழுவிய ஒபதியா என்பவர், முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர் என்று சொல்லப்போய், தன் உஸ்தாதிடம் ஏச்சு வாங்கினார். இப்னு மைமூனிடம் கேட்டார். முஸ்லிம்கள் இறைவனைப் பழுதில்லாமல் ஏகத்துவப்படுத்துகிறவர்கள் என்றும், உஸ்தாத் செய்ததுதான் பிழை என்றும் பதில் வந்தது. இவர் நம் மார்க்கத்தின் நண்பர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருக்கடிக்கு ஆளான யெமன் யூதர்களுக்கு 1172 அளவில் எழுதிய மடலில் இஸ்லாத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். ஊரை இழந்து அலைந்தவரின் கசப்பு அது. ஆனாலும் சட்டம் சொல்ல உட்கார்ந்தபோது அந்தக் கசப்பைத் தீர்ப்புக்குள் விடவில்லை. பலஸ்தீனில் நடப்பதைப் பார்த்து நெஞ்சு கொதிக்கும் காலத்தில், "யஹூதிட கதை நமக்கு என்னத்துக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். இதற்காகத்தான் என்றேன்: பகை இருந்தாலும் நீதி தவறக்கூடாது என்பது நமக்கும் இடப்பட்ட கட்டளை.

அவர் 1204இல் மௌத்தானார். இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? இறைவனின் பெயர் எழுதிய கடதாசியை யூதர் எறிவதில்லை. 'கெனீஸா' என்ற அறைக்குள் போட்டுவைப்பார்கள். புஸ்தாத் பென் எஸ்ரா ஆலயத்தின் அந்த அறையிலிருந்து 1897இல் பெருந்தொகைத் தாள்கள் கேம்பிரிட்ஜுக்குப் போயின. இப்னு மைமூனின் சொந்தக் கையெழுத்தும், தம்பி கப்பலேறுமுன் எழுதிய கடிதமும் கிடைத்தது இந்தக் கெனீஸாவிலிருந்துதான்.

நாமும் பழைய ஏடுகளைக் கண்ணியப்படுத்துகிறோம் என்றுதான் புதைக்கிறோம், கடலில் விடுகிறோம். நம் லெப்பைமார் சொன்ன பத்வாக்கள், மஹர் கணக்குகள், கடன் சீட்டுகள் எத்தனை அப்படிப் போயிருக்கும்? உம்மும்மாட கிதாபு கறையானுக்குப் போயிட்டு. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அறபுத் தமிழில் ஏதாவது இருந்தால், கரையேற்றுமுன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.