விளையாட்டும் மொழியும் ஒரே பெட்டிக்குள்: வளைகுடாக் கணனிகள் கூறும் வரலாறு

புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் கணனி என்பது பிள்ளைகளுக்கு விளையாட்டுக் களம். பெற்றோருக்கோ அது ஊர்ச் செய்தி வாசிக்கும் பலகை, விண்ணப்பம் எழுதும் மேசை. ஒரே பெட்டியை முழு வீடும் பங்கிட்டுக்கொள்ளும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்த இயங்குதளத்தை ஏற்றுவது? நினைவகத்தை எவ்வளவுக்கு உயர்த்துவது? பிள்ளை விளையாட்டை மனத்திற் கொண்டு விடை சொல்கிறது. தந்தை பணத்தை எண்ணி விடை சொல்கிறார். ஆனால் அந்தத் திரையில் எந்த மொழி வாழும் என்பதையும் இவ்விரு விடைகளே தீர்மானிக்கின்றன என்பது பெரும்பாலும் நம் கவனத்திற்கு வருவதில்லை.

இச்சிக்கலை நமக்கு முன்னரே சந்தித்தவர்கள் வளைகுடா நாடுகளின் அரபு மக்கள். நம்மவர் பல்லாயிரவர் உழைத்த, இன்றும் உழைத்துவருகின்ற மண் அது. அங்கு கணனி வளர்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவது நமக்குப் பயன் தரும்.

குவைத்தில் பிறந்த 'சக்ர்'

1982 இல் முகமது அல் ஷாரிக் என்ற குவைத் நாட்டவர் 'அல் ஆலமியா' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், யப்பானின் அஸ்கி நிறுவனத்தைச் சேர்ந்த கசுஹிக்கோ நிஷியும் மைக்ரோசொவ்ற் நிறுவனமும் இணைந்து 'எம்எஸ்எக்ஸ்' என்ற வீட்டுக் கணனித் தரத்தை அறிவித்தனர். எந்த நிறுவனம் செய்த பெட்டியாயினும் ஒரே விளையாட்டு எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அல் ஆலமியா இத்தரத்தைத் தெரிவுசெய்து, யப்பானின் யமஹா நிறுவனத்திடம் பெட்டிகளைச் செய்வித்து, அவற்றில் அரபு மொழியை ஏற்றி, 'சக்ர்' என்ற பெயரில் அரபு நாடுகளெங்கும் விற்றது.

அரபு எழுத்தைத் திரையிற் கொண்டுவருவது எளிதன்று. அது வலமிருந்து இடமாக ஓடும். பெரும்பாலான எழுத்துகள் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வெவ்வேறு வடிவங் கொள்ளும். சக்ர் கணனியில் இதற்கான நிரல், இயங்குதளத்தைப் போலவே, அழியா நினைவகச் சில்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. விளையாட்டுகளும் பெரும்பாலும் சில்லுப் பேழைகளாகவே வந்தன. ஆகவே மொழியும் விளையாட்டும் இடத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிடவில்லை. ஏஎக்ஸ்-170 என்ற புகழ்பெற்ற சக்ர் கணனியின் நினைவகம் 64 கிலோபைற் மாத்திரமே. இன்றைய 16 கிகாபைற் கணனி அதனைப் போல 2,62,144 மடங்கு. அத்துணைச் சிறிய பெட்டிக்குள்ளும் பிள்ளை விளையாடியது. அதே விசைப்பலகையில் தன் தாய்மொழியைத் தட்டவும் பழகியது.

விளையாட்டுக்காகப் பெட்டி வீட்டுக்குள் வந்தது. மொழி அதனுடன் கூடவே வந்தது. இந்த ஒழுங்கை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. அப்போது அங்கிருந்த இலங்கையர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு யோர்தான் எல்லையின் பாலைவன முகாம்களை அடைந்தவர்கள் அவர்களுள் பலர். குவைத் மக்களிலும் பெருந்தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். சக்ர் நிறுவனமும் இடம்பெயர்ந்து கெய்ரோவில் வேரூன்றியது. வீட்டுக் கணனிச் சந்தை காலப்போக்கில் மறைந்தது. ஆயினும் அந்நிறுவனம் அரபு மொழிக்காகச் செய்த வேலை மறையவில்லை. அச்செழுத்தைக் கணனிக்கு வாசிக்கக் கற்பித்தல், மொழிபெயர்ப்பு, அகராதி என அது தொடர்ந்தது. அல் ஷாரிக் 2021 இல் மன்னர் பைசல் பரிசு பெற்றார். 2024 இல் காலமானார். இடத்தை இழந்தும் மொழியை விடாதவர்களின் இவ்வரலாறு அகதிகளாகிய நமக்கு அந்நியமானதன்று.

640 கிலோபைற்றுக்குள் ஒரு போட்டி

சக்ருக்குப் பின் வீடுகளுக்குள் வந்தவை ஐபிஎம் வழிக் கணனிகள். முதலாவது ஐபிஎம் பிசி 1981 இல் வெளிவந்தது. டுபாய் உலக வர்த்தக மையத்தில் வளைகுடாவின் கணனிக் கண்காட்சி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் அது 'ஜிற்றெக்ஸ்' எனப் பெயர்பெற்றது.

ஐபிஎம் கணனியின் 8088 செயலி ஒரு மெகாபைற் நினைவகத்தை மாத்திரமே அணுகவல்லது. அதிலும் நிரல்களுக்கு ஒதுக்கப்பட்டது 640 கிலோபைற். பின்வந்த செயலிகள் பல மெகாபைற்றுகளை அணுக வல்லனவாயிருந்தும், எம்எஸ்-டொஸ் இயங்குதளம் இந்தப் பழைய வேலியை விட்டு எளிதில் வெளிவரவில்லை. சுட்டிக்கான நிரல், குறுந்தட்டுக்கான நிரல் ஆகியன இந்த 640 கிலோபைற்றுக்குள்ளேயே குடியிருந்தன. 'நாஃபிதா' போன்ற, டொஸ் மீது அரபு மொழியை ஏற்றும் நிரல்களும் அங்கேயே நிலைகொண்டன. எஞ்சிய இடம் போதாவிடின் விளையாட்டுத் தொடங்காது. சக்ரில் ஒன்றாக வாழ்ந்த மொழியும் விளையாட்டும் இங்கே பகையாயின.

1991 இல் வந்த எம்எஸ்-டொஸ் 5 சில நிரல்களை மேல்நினைவகத்திற்கு நகர்த்த வழிசெய்தது. 1993 இல் வந்த பதிப்பு 6, கணனி தொடங்கும்போதே தெரிவுப் பட்டியல் ஒன்றைக் காட்டியது. விளையாட்டுக்கு ஓர் ஒழுங்கு, எழுத்து வேலைக்கு இன்னோர் ஒழுங்கு என வைத்துக்கொள்ள இயன்றது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 'டூம்' விளையாட்டோ 640 கிலோபைற் வேலியைத் தாண்டிச்சென்று 4 மெகாபைற் கேட்டது. உலகெங்கும் நினைவகம் உயர்த்தும் வேட்கை அத்துடன் மிகுந்தது.

அதே 1993 யூலை 4 ஆம் திகதி யப்பானின் நிஹாமா நகரில், சில்லுகளை மூடும் பிசினைச் செய்யும் சுமிற்றோமோ தொழிற்சாலை தீப்பற்றியது. உலகின் நினைவக விலை உடனே ஏறியது. 1999 செப்டெம்பரில் தைவானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பின்னும் அவ்வாறே நடந்தது. நினைவகம் நிலையான விலையுள்ள பண்டமன்று. இறங்கும்போது வாங்குபவரே மிச்சம் பிடிப்பவர்.

டுபாய் பர்துபாயின் காலித் பின் வலீத் வீதிக் கடைகளில் இப்பண்டங்கள் குவிந்தன. ஊருக்குத் திரும்பும் தொழிலாளர் கணனியையும் பொதியில் கட்டிச் சென்ற காலம் அது. நினைவகப் பலகையின் வகை அறியாமல் வாங்கியவர்கள் ஏமாந்தனர். 72 முனைப் பலகை 486 கணனிக்கு ஒன்று போதும். பென்ரியத்திற்கு இரட்டையாகவே பொருத்த வேண்டும். இயங்குதளத்தையும் விளையாட்டையும் கள்ளப் பிரதியாக வாங்குவது எங்கும் வழக்கமாயிருந்தது. ஐக்கிய அரபு இராச்சியம் 1992 இல் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றிய பின்னரே அவ்வழக்கம் மெல்லத் தளர்ந்தது.

நம் மொழி வந்த வழி

1995 ஓகஸ்டில் வின்டோஸ் 95 வெளிவந்தது. அவ்வாண்டே 'டைரக்ற்எக்ஸ்' என்னும் இடைநிரல் வந்து, விளையாட்டுகளை டொஸிலிருந்து வின்டோஸுக்கு ஈர்க்கத் தொடங்கியது. அரபு மக்களுக்குத் தனி அரபுப் பதிப்பு கிடைத்தது. தமிழருக்கு அத்தகைய பதிப்பு இல்லை. நாம் 'பாமினி' போன்ற எழுத்துருக்களைக் கொண்டு சமாளித்தோம். கணனி அதனை ஆங்கிலமென்றே எண்ணிக்கொண்டிருக்கும். திரையில் தமிழ் தெரியும். அவ்வெழுத்துரு இல்லாத இன்னொரு வீட்டிற்குக் கடிதம் சென்றால், அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். அகதிகளாய்ப் பல நாடுகளிற் சிதறிய நமக்கு இது சிறு குறையன்று.

உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான 'யூனிகோட்' குறியேற்றத்தில் 1991 இலேயே தமிழும் அரபும் இடம்பெற்றன. ஆனால் வீட்டுக் கணனிக்கு அது 2000 ஆம் ஆண்டில்தான் எட்டியது. வின்டோஸ் 2000 இயங்குதளம் 'லதா' என்ற தமிழ் எழுத்துருவுடன் வந்தது. அதில் ஒரு தடை இருந்தது. பழைய டொஸ் விளையாட்டுகள் பல அதிற் சரியாக ஓடா. விளையாட்டுக்கு உகந்தது வின்டோஸ் 98. அதற்குக் குறைந்தது 16 மெகாபைற் நினைவகம் போதும். தமிழுக்கு உகந்ததோ வின்டோஸ் 2000. அதற்குக் குறைந்தது 64 மெகாபைற் வேண்டும். பிள்ளை ஒன்றைக் கேட்டது, பெற்றோருக்கு மற்றது தேவைப்பட்டது. மொழியின் விலை நான்கு மடங்கு நினைவகமாக நின்றது.

2001 ஒக்ரோபரில் வந்த வின்டோஸ் எக்ஸ்பி இவ்விரு பாதைகளையும் இணைத்தது. அதற்கு 128 மெகாபைற் பரிந்துரைக்கப்பட்டது. 1980களில் சக்ர் 64 கிலோபைற்றில் அரபுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் தமிழ்ப் பிள்ளைகள் பெறுவதற்கு அவ்வளவு காலமும் அவ்வளவு நினைவகமும் தேவைப்பட்டன.

இன்று தெரிவுசெய்வோருக்கு

இன்று எல்லா இயங்குதளங்களிலும் தமிழ் உண்டு. ஆயினும் தெரிவு முடிந்துவிடவில்லை. 2025 ஒக்ரோபர் 14 உடன் வின்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு முடிவுற்றது. வின்டோஸ் 11 ரிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்பதால், நன்கு இயங்கும் பழைய பெட்டிகள் பல அதற்குத் தகுதியற்றுப்போயின. அத்தகைய பெட்டி வீட்டிலிருந்தால் எறிந்துவிட வேண்டியதில்லை. இலவசமான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றலாம். 2018 இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'புரோட்டன்' என்னும் நிரலால் வின்டோஸ் விளையாட்டுகள் பலவும் அதில் ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு நிரல் கொண்ட சில இணைய விளையாட்டுகள் மட்டும் ஓடா. பிள்ளை விரும்பும் விளையாட்டு எதுவென முதலில் கேட்டறிந்து, அதன் பின்னரே இயங்குதளத்தைத் தீர்மானிப்பது முறை.

நினைவகத்தைப் பொறுத்தவரை, வீட்டு வேலைக்கு 8 கிகாபைற் போதும். இன்றைய விளையாட்டுகளுக்கு 16 நன்று. ஒரே அளவான இரு பலகைகளாகப் பொருத்துவது ஒற்றைப் பலகையினும் விரைவு தரும். டிடிஆர்4 பொருந்தும் இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. 32 பிற் வின்டோஸ் ஏற்றிய பழைய வீட்டுக் கணனி 4 கிகாபைற்றுக்கு மேல் பயன்படுத்த இயலாது. அதற்கு மேலும் பலகை வாங்குவது வீண். செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிச்செல்வதால் 2025 இன் இறுதியில் விலை மீண்டும் கடுமையாக ஏறியது. தேவையை அளந்து வாங்குவோம்.

இறுதியாக ஒன்று. புதிய இயங்குதளம் ஏற்றும் நாளிலேயே தமிழ் விசைப்பலகையையும் அதில் இயக்கிவிடுவோம். அதற்குச் செலவு இல்லை. சில நிமிடங்களே தேவை. விளையாட வரும் பிள்ளை, விளையாட்டில் தன் பெயரைத் தமிழில் எழுதும் வசதியேனும் அங்கே இருக்கட்டும். குவைத்துப் பிள்ளைகளுக்கு அந்த வசதியை ஒரு சிறிய பெட்டி முன்னரே செய்து காட்டியது.