கட்டளையும் கற்பனையும்

'கற்பனை' என்னும் சொல்லை நாம் இன்று புனைவு என்னும் பொருளிலேயே வழங்கி வருகிறோம். ஆயின், பழைய கிறித்தவத் தமிழ் நூல்களில் அச்சொல் கட்டளை என்னும் பொருளில் வரும். மோசே மலையினின்று கொணர்ந்த பத்துக் கட்டளைகளைப் 'பத்துக் கற்பனைகள்' என்றே முன்னோர் எழுதினர். இறைவன் விதித்ததையும் மனிதன் புனைந்ததையும் ஒரே சொல் சுட்டி நிற்பது தமிழில் தற்செயலாக நேர்ந்த விந்தை. ஐரோப்பாவிலோ, வழிபாட்டில் எது இறைவன் விதித்தது, எது மனிதன் புனைந்தது எனப் பிரித்தறிய முற்பட்டவர்கள் தமக்குள்ளேயே பிளவுபட்டனர். சிலர் உயிரையும் இழந்தனர்.

உரோமைத் திருச்சபை காலப்போக்கில் சேர்த்துக்கொண்ட சடங்குகள் பலவற்றுக்கு மறைநூலில் ஆதாரம் இல்லை என்பதில் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் ஒன்றுபட்டனர். மறைநூல் ஒன்றைப் பற்றி வாய் திறவாதிருப்பின் என் செய்வது என்னும் இடத்திலேதான் வழி இரண்டாயிற்று. விலக்காததை வைத்துக்கொள்ளலாம் என்றது ஒரு தரப்பு. விதிக்காததை விலக்கவே வேண்டும் என்றது மற்றொன்று. முன்னதன் தலைவர் செருமனியின் மார்ட்டின் லூத்தர். 1522ஆம் ஆண்டு விட்டன்பெர்க் நகரில் சிலர் கோயிற் சுரூபங்களை உடைக்கத் தொடங்கியபோது, தலைமறைவாயிருந்த அவர் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து உரையாற்றி அவ்வேகத்தைத் தணித்தார். இசையை அவர் பெரிதும் போற்றினார். 1524இல் எட்டே பாடல்களுடன் வெளிவந்த சிறு பாடல் நூலில் பாதி அவர் இயற்றியவை.

சூரிக் நகரின் உல்ரிக் சுவிங்லி பின்னைய வழியினர். 1519இல் அந்நகரின் பெருங்கோயிலில் பொறுப்பேற்றதும், ஆண்டு முறைப்படி பகுத்து வைத்த வாசகங்களை விடுத்து, மத்தேயு நற்செய்தியை முதல் அதிகாரம் தொட்டு வரிசையாக விளக்கலானார். மக்கள் மறைநூலை முழுமையாகக் கேட்டனர். கேட்டவர்கள் வினவவும் தொடங்கினர். 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அச்சகத்தார் ஒருவர் இல்லத்தில் சிலர் இறைச்சி உண்டது பெரும் வழக்காயிற்று. இந்நோன்பை விதித்தவர் கடவுளா, மனிதரா என்பதே அவ்வழக்கின் உட்பொருள். நகர மன்றம் 1523இல் இருமுறை பொதுவாதம் கூட்டியது. வாதத்திற்கு அளவுகோல் மறைநூல் ஒன்றே என்று அறுதியிடப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தவற்றின் ஒழுங்கு வியப்பூட்டுவது. 1524ஆம் ஆண்டுக் கோடையில் மன்றத்தின் ஆணைப்படி தச்சரும் கொத்தரும் கோயில்களுக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் சுரூபங்களை அகற்றினர். சுரூபங்களை வழங்கிய குடும்பங்கள் அவற்றைத் திரும்பப் பெறவும் இடம் தரப்பட்டது. சுவர்களுக்கு வெண்சுண்ணம் பூசினர். கடவுளின் உண்மையான சாயல் ஏழை மனிதனே. மரத்துக்கும் கல்லுக்கும் செலவிடும் பொருள் அவனைச் சேரவேண்டும் என்பது சுவிங்லியின் வாதம். வெறும் உடைப்பு வேலையாக அதனைக் கருதிவிடலாகாது என்பதற்கு இவ்வொன்றே சான்றாகும். 1525ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய பூசை நிறுத்தப்பட்டது. மக்கள் நடுவே மேசையிட்டு, மரத்தட்டிலும் மரக்கிண்ணத்திலும் அப்பமும் இரசமும் பகிர்ந்தனர்.

இசைக்கும் அதே விதி. சுவிங்லி இசை அறியாதவர் அல்லர். பல கருவிகளை மீட்டவல்ல அவர், வழிபாட்டில் இசைக்கு ஆணையில்லை எனக் கண்டு அதனை நீக்கினார். தாம் விரும்பிய ஒன்றையே விலக்கியதால், அவர் கொள்கையின் நேர்மையை ஐயுறுவதற்கில்லை. 1527ஆம் ஆண்டு டிசம்பரில் பெருங்கோயிலின் ஆர்கன் உடைத்தகற்றப்பட்டது. சூரிக் மக்கள் கோயிலில் மீண்டும் வாய்விட்டுப் பாட 1598 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1527ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. சுவிங்லியிடம் பயின்ற இளைஞர் சிலர், ஆசிரியர் கற்பித்த அளவுகோலை எடுத்து ஆசிரியரையே அளந்தனர். குழந்தைகளுக்கு ஞானமுழுக்குத் தருமாறு மறைநூலில் கட்டளை எங்கே உள்ளது என்பது அவர்தம் கேள்வி. விருத்தசேதனத்தின் இடத்தில் வந்ததே குழந்தை முழுக்கு என்றார் சுவிங்லி. அஃது உய்த்துணர்வேயன்றிக் கட்டளை அன்று என மாணவர் மறுத்தனர். 1525 சனவரி 21 அன்று அவர்கள் தமக்குள் வளர்ந்தோர்க்கான முழுக்கைத் தொடங்கினர். மறுமுழுக்கு அளிப்போர்க்கு நீரில் அமிழ்த்தும் தண்டனை என 1526இல் மன்றம் விதித்தது. அவர்களுள் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்சு என்பார் 1527 சனவரி 5 அன்று லிம்மட் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார்.

மறைநூலா மனிதக் கற்பனையா என்னும் வினாவுக்குள் இன்னொரு வினா மறைந்திருக்கிறது என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மறைநூல் கூறுவது இதுதான் என முடிவுரைக்கும் உரிமை யாருடையது? சூரிக்கில் அஃது ஆசிரியரிடமும் இல்லை, மாணவரிடமும் இல்லை. நகர மன்றத்தின் கையில் இருந்தது. விதிக்காததை விலக்கு என்னும் நெறி, எளிய மனிதன்மேல் பிறர் சுமத்தும் சுமையை இறக்க எழுந்த நெறி. அதனை அதிகாரம் கையில் எடுத்தபோது அதுவே சுமையாயிற்று.

இங்கிலாந்திலும் இசுக்காட்லாந்திலும் இவ்வழக்கு மேலும் நீண்டது. ஜெனீவாவில் கால்வின் வழியினர் இசையை அறவே நீக்காது, மறைநூலின் திருப்பாடல்களைச் செய்யுளாக்கிப் பாடினர். 150 பாடல்களும் 1562இல் நிறைவுற்றன. அவ்வழியைப் பின்பற்றிய ஆங்கிலத் தூய்மைவாதிகளுக்கு ரிச்சர்டு ஊக்கர் 1593 முதல் வெளியிட்ட பெருநூலில் விடையளித்தார். மறைநூல் மீட்புக்குரியவற்றை முழுமையாகச் சொல்கிறது. ஒழுங்கு, உடை, காலம் போன்றவற்றை அறிவும் மரபும் வகுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. இதனைவிடப் பொறுமையான விடையை அக்காலத்தில் காண்டல் அரிது. ஆயினும், இரண்டில் எதுவாயினும் குற்றமில்லை எனில் ஒன்றையே ஏன் கட்டாயப்படுத்துகிறீர் எனத் தூய்மைவாதிகள் வினவியபோது அரசிடம் தக்க விடை இல்லை.

முதலாம் சார்லசு மன்னர் புதிய வழிபாட்டு நூலொன்றை இசுக்காட்லாந்தின்மேல் திணித்தார். 1637 சூலை 23 அன்று எடின்பரோவின் புனித கைல்சு கோயிலில் அதனை வாசிக்கத் தொடங்கியதும் பெருங்குழப்பம் விளைந்தது. ஜென்னி கெட்டசு என்னும் காய்கறி விற்கும் பெண் தான் அமர்ந்திருந்த முக்காலியை வாசித்தவர்மேல் எறிந்தாள் என்பது மரபுச் செய்தி. மறு ஆண்டு நாட்டு மக்கள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர், போரும் மூண்டது. பின்னர்த் தூய்மைவாதிகள் வென்றனர். வென்றவர்கள் செய்ததென்ன? 1645இல் பழைய வழிபாட்டு நூலை வீட்டுக்குள் வைத்துப் பயன்படுத்துவதையும் நாடாளுமன்றம் தண்டத்திற்குரியதாக்கியது. அமெரிக்காவின் மசாசூசெட்சு குடியேற்றத்திலோ கிறித்துமசு கொண்டாடியோர்க்கு 1659இல் ஐந்து சில்லிங் தண்டம் விதித்தனர்; அச்சட்டம் 1681இல் நீக்கப்பட்டது.

தமிழுக்கும் இவ்வரலாற்றில் சிறு பங்குண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் தோழரும் லூத்தர் வழியினர். பாடலுக்குத் தடை சொல்லாத மரபிலிருந்து அவர்கள் வந்தனர். அம்மரபில் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) நம் இசை மரபில் கீர்த்தனைகள் யாத்தார். சுவிங்லி வழியினர் முதலில் வந்திருப்பரேல் அக்கீர்த்தனைகளுக்கு ஆலயத்தில் இடமிருந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

இசுக்காட்லாந்தில் கிறித்துமசு நாள் பொது விடுமுறையானது 1958இல்தான். திருப்பாடல்களை மட்டுமே கருவியின்றிப் பாடிவந்த அந்நாட்டுச் சுயேச்சைத் திருச்சபை, பிற பாடல்களுக்கும் இசைக்கருவிக்கும் 2010இல் இடமளித்தது. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தச் சபையின் விருப்பம் என விட்டது. சூரிக் பெருங்கோயிலில் இன்று ஆர்கன் ஒலிக்கிறது. லிம்மட் ஆற்றங்கரையில் மான்சையும் அவரைப்போல் அமிழ்த்தப்பட்ட பிறரையும் நினைவுகூரும் கல்வெட்டொன்று 2004இல் பதிக்கப்பட்டது. சூரிக் சீர்திருத்தத் திருச்சபையினர், அவர்தம் வழித்தோன்றல்களோடு அன்று அங்குக் கூடியிருந்தனர்.